கீ வெஸ்ட்டில் மாலைக் கேட்டமரான் பயணம்: முதல்முறை போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஃப்ளோரிடாவுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து சேர்ந்த நம்மவர்கள், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் அழைத்துப்போகும் இடங்களில் ஃப்ளோரிடாவின் தென்கோடித் தீவு ஊரான கீ வெஸ்ட் கட்டாயம் இருக்கும். அங்கே பலர் ஆசைப்படுவது சூரியன் மறையும் நேரத்தில் கிளம்பும் கேட்டமரான் படகு. இரண்டு அடிப்பாகம் கொண்ட அகலமான படகு, மேலே காற்றில் விரியும் பாய், கையில் ஏதாவது ஒரு பானம், ஒருவர் கித்தார் வாசித்துப் பாட, இரண்டு மணி நேரம் கடலில். அனுபவம் அருமையானது. ஆனால் அதற்கான விவரங்கள் ஓரிடத்தில் கிடைப்பதில்லை. படகு எத்தனை மணிக்கு, எந்தத் துறையிலிருந்து, என்ன அடையாள அட்டை கேட்பார்கள், குடிக்காதவருக்கு என்ன கொடுப்பார்கள், கடைசியில் எவ்வளவு செலவாகும் என்று ஒவ்வொன்றையும் அலைந்து திரிந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக, செய்யவேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. தேதியை முதலில் முடிவு செய்யுங்கள், படகை அப்புறம் பார்க்கலாம்

இந்தப் பயணத்தில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது அன்றைக்குச் சூரியன் மறையும் நேரம்தான். கீ வெஸ்ட்டில் ஜூன் கடைசியில் இரவு 8:20 வாக்கில் மறையும். டிசம்பர் தொடக்கத்தில் 5:40-க்கே மறைந்துவிடும். கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணி நேர வித்தியாசம். மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போகும், நவம்பர் முதல் ஞாயிறன்று திரும்பி வரும். அந்த இரண்டு வாரங்களை ஒட்டிப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். போன வாரம் போய்வந்த நண்பர் சொன்ன நேரம் உங்களுக்குப் பொருந்தாது.

பெரும்பாலான படகுகள் சூரியன் மறைவதற்கு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் முன்பு கிளம்பும். அதற்கு அரை மணி நேரம் முன்னதாகத் துறையில் பெயர் பதியவேண்டும். அதாவது டிசம்பரில் போகிறீர்கள் என்றால் மதியம் மூன்றே முக்காலுக்குள் நீங்கள் துறையில் நிற்கவேண்டும். மாலைப் பயணம்தானே என்று காலை பதினோரு மணிக்கு மயாமியிலிருந்து சாவகாசமாகக் கிளம்பினால், படகைத் தவறவிட நேரலாம். இவ்வகைப் படகுகள் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. சூரியன் காத்திருக்காது என்பதால் அவர்களாலும் முடியாது. தாமதமாக வந்தவருக்குப் பணமும் திரும்பக் கிடைக்காது.

எந்த மாதம் நல்லது? என்னைக் கேட்டால் ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து மே கடைசி வரை. வெயில் இருக்கும், ஆனால் தாங்கலாம். சூரியன் எட்டு மணி வாக்கில் மறைவதால் பகல் முழுதும் கையில் இருக்கும். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம். புயல் வராத நாட்களிலும் கோடைப் பிற்பகல்களில் இடிமழை சட்டென்று திரளும். டிசம்பர் முதல் மார்ச் வரை மழை குறைவு, ஆனால் வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கும் நாட்களில் கடல் கொந்தளிப்பாக இருக்கும், கட்டணமும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும். ஜூலை கடைசியில் ஒரு புதன், வியாழனில் சிங்கி இறால் பிடிக்கத் தனியாக அனுமதி தருவார்கள். அந்த வாரம் நெடுஞ்சாலை முழுவதும் படகை இழுத்துவரும் வண்டிகள்தான். அக்டோபர் கடைசியில் ஃபேண்டஸி ஃபெஸ்ட் என்ற பெரிய கொண்டாட்டம் நடக்கும். தெருவில் அரைகுறை ஆடையில், உடம்பில் வண்ணம் பூசிக்கொண்டு ஊர்வலம் வருவார்கள். பெற்றோரையும் குழந்தைகளையும் அழைத்துப்போகிறவர்கள் அந்தப் பத்து நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

பயணத்தின் முதல் நாளுக்குப் படகை வைத்துக்கொள்வதும் முக்கியமான யோசனை. இரண்டு இரவு தங்குகிறீர்கள் என்றால் முதல் மாலைக்கே பதிவு செய்யுங்கள். காற்று அதிகமாகி ரத்தானால் மறுநாள் மாலை கையில் இருக்கும். கடைசி நாளுக்கு வைத்தால் மாற்று வழியே இல்லை.

2. எந்த மாதிரிப் படகு என்று தெரிந்து எடுங்கள்

"சூரியன் மறையும் பயணம்" என்ற ஒரே பெயரில் மூன்று விதமான படகுகள் விற்கப்படுகின்றன.

முதலாவது, நூறு பேர் வரை ஏறும் பெரிய கேட்டமரான். நேரடி இசை பெரும்பாலும் இதில்தான் இருக்கும். ஒருவரோ இருவரோ கித்தாருடன் பாடுவார்கள், பாதிப் பேர் எழுந்து ஆடுவார்கள், மதுவகைகள் பெரும்பாலும் கட்டணத்திலேயே அடங்கும். நண்பர்கள் கூட்டமாகப் போக ஏற்றது. அகலமான படகு என்பதால் ஆட்டம் குறைவு, வயதானவர்கள் உட்காரவும் வசதி.

இரண்டாவது, முப்பது நாற்பது பேர் ஏறும் நடுத்தரப் படகு. ஒயின், பாலாடைக்கட்டி, பழம் என்று தட்டில் வைத்துத் தருவார்கள். இசை இருந்தால் மெல்லியதாக இருக்கும், பல நேரம் ஒலிப்பெட்டியில் போடும் பாட்டுதான்.

மூன்றாவது, உங்கள் குடும்பத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கும் சிறிய படகு. இங்கே ஒரு எச்சரிக்கை. அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் விதிப்படி, பணம் கொடுத்து வரும் பயணிகள் ஆறு பேருக்கு மேல் இருந்தால், சில விதிவிலக்குகள் தவிர, அந்தப் படகு அவர்களால் பரிசோதிக்கப்பட்டுச் சான்றிதழ் பெற்றிருக்கவேண்டும். அந்தச் சான்றிதழைப் படகில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருப்பார்கள். "பத்துப் பேர் வரை ஏற்றிக்கொள்கிறேன், விலையும் குறைத்துத் தருகிறேன், பணத்தை மட்டும் செயலியில் அனுப்பிவிடுங்கள்" என்று யாராவது சொன்னால் சான்றிதழைக் கேளுங்கள். இழுத்தடித்தால் விட்டுவிடுங்கள். அப்படிப்பட்ட படகில் விபத்து நேர்ந்தால் காப்பீடு கைகொடுக்கும் என்று நம்பமுடியாது.

நேரடி இசைதான் உங்களுக்கு முக்கியம் என்றால் பதிவு செய்வதற்கு முன் தொலைபேசியில் அழைத்து நேராகக் கேளுங்கள்: நாங்கள் வரும் அன்றைக்குப் பாடகர் படகில் இருப்பாரா? "இசையுடன்" என்று மட்டும் போட்டிருந்தால் அது பதிவுசெய்த பாட்டாகவும் இருக்கலாம். சில படகுகளில் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் பாடகர் வருவார்.

3. பணம் கட்டுவதற்கு முன் இந்த வரிகளைத் தேடிப் படியுங்கள்

பெரிய படகில் பெரியவர் ஒருவருக்கு அறுபது டாலரிலிருந்து நூறு டாலர் வரை, சில படகுகளில் அதற்கும் மேலே ஆகும். விளம்பரத்தில் போடும் தொகை முழுத்தொகை இல்லை. கீ வெஸ்ட் அடங்கிய மன்ரோ கவுண்டியில் விற்பனை வரி 7.5 சதவீதம். அதற்கு மேல் எரிபொருள் கட்டணம், துறைக் கட்டணம், பதிவுக் கட்டணம் என்று சில நிறுவனங்கள் தனித்தனியாகச் சேர்க்கும். கடைசித் திரை வரைக்கும் போய் மொத்தத்தைப் பார்த்தபிறகே இரண்டு படகுகளின் விலையை ஒப்பிடுங்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன். நான்கு பேர், ஆளுக்கு 90 டாலர் என்றால் 360. வரி 27. ஆக 387. படகுப் பணியாளர்களுக்கு டிப்ஸ் கட்டணத்தில் 15 முதல் 20 சதவீதம் கொடுப்பது இங்கே வழக்கம், அது 54 முதல் 72. பாடகரின் ஜாடியில் போட ஒரு 10. வண்டி நிறுத்தம், சாப்பாடு, தங்குமிடம் எதுவும் சேராமலே 450 முதல் 470 டாலர் ஆகிவிடும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் மனம் நோகாது. சில நிறுவனங்கள் டிப்ஸைக் கட்டணத்திலேயே சேர்த்துவிடுகின்றன. ரசீதில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு முறை கொடுப்பீர்கள்.

"பானங்கள் உட்பட" என்ற சொல்லுக்கு ஒவ்வொரு படகிலும் ஒரு அர்த்தம். சில இடங்களில் பீர், ஒயின் மட்டும் அடக்கம், காக்டெயிலுக்குத் தனிக்காசு. சிலவற்றில் எல்லாம் அடக்கம். சிலவற்றில் முதல் இரண்டு கோப்பைக்குச் சீட்டு தருவார்கள். பல படகுகளில் துறையை விட்டுக் கிளம்பியபிறகுதான் பார் திறக்கும், திரும்பும்போது மூடிவிடுவார்கள். வெளியிலிருந்து மது கொண்டுவர விடமாட்டார்கள், கண்ணாடிப் பாட்டில் எதற்குமே அனுமதி இருக்காது. குடிக்காதவருக்குக் கட்டணம் குறைவா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் இல்லை என்பார்கள், ஆனால் சில படகுகளில் மது இல்லாத சீட்டு தனியாக உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள்.

ரத்து விதிகளைப் பொறுத்தவரை, வானிலை காரணமாகக் கேப்டன் ரத்து செய்தால் பணம் திரும்பும் அல்லது வேறு தேதி கிடைக்கும். நீங்களாக ரத்து செய்தால் 24 மணி அல்லது 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லியிருக்கவேண்டும். மேகம் மூடிச் சூரியன் தெரியாமல் போனாலும், லேசான தூறல் விழுந்தாலும் படகு போகும், பணம் திரும்பாது. இன்னொன்று, இடைத்தரகர் தளங்களில் வாங்கினால் தேதி மாற்றத்துக்கு அவர்களிடமே போகவேண்டும். எங்களுக்கு ஒருமுறை படகு நிறுவனம் "சரி, மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லியும், சீட்டு விற்ற தளத்தில் பதில் சொல்ல ஆளே கிடைக்கவில்லை. விலை ஒன்றாகவே இருந்தால் படகுக்காரர்களிடமே நேரடியாக வாங்குங்கள்.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரையும், மற்ற மாதங்களில் சனிக்கிழமைகளுக்கும் இரண்டு மூன்று வாரம் முன்னதாகப் பதிவு செய்வது நல்லது. மற்ற நாட்களுக்கு நாலைந்து நாள் போதும்.

4. ஆவணங்கள்: ஒவ்வொருவருக்கும் அசல் வேண்டும்

நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மதுவுக்கு ஃப்ளோரிடாவில் குறைந்தபட்ச வயது 21. தலை நரைத்திருந்தாலும் அட்டை கேட்கலாம், கேட்டால் காட்டவேண்டும். அமெரிக்க ஓட்டுநர் உரிமம் அல்லது கடவுச்சீட்டு செல்லும். ஆதார், பான் அட்டை, நம் ஊர் வாக்காளர் அட்டை எதுவும் செல்லாது. கைப்பேசியில் இருக்கும் புகைப்படமும் பெரும்பாலும் செல்லாது. ஊரிலிருந்து வந்த பெற்றோருக்கு அசல் கடவுச்சீட்டுதான் ஒரே வழி. உப்புத் தண்ணீர் தெறிக்கும் இடம் என்பதால் அதை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, உடம்போடு ஒட்டிய சிறுபையில் வைத்துக்கொள்ளுங்கள்.

படிக்க வந்த தம்பி தங்கைகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். 20 வயது என்றால் பல படகுகளில் ஏறலாம், ஆனால் ஒரு மடக்குக்கூடக் கிடையாது. பெற்றோர் பக்கத்தில் இருந்து சம்மதித்தாலும் கிடையாது. பெரியவர் ஒருவர் தன் கோப்பையை உங்களிடம் நீட்டுவதைப் பணியாளர் பார்த்தால், கொடுத்தவருக்கும் சேர்த்து பார் மூடப்படும்.

அடுத்தது குடியேற்ற ஆவணம். அமெரிக்கக் குடிமக்கள் அல்லாத, 18 வயது நிறைந்த எல்லோரும் பதிவுச் சான்றை எப்போதும் உடன் வைத்திருக்கவேண்டும் என்பது சட்டம். பச்சை அட்டைக்காரர்கள் அந்த அட்டையை. எச்1பி (வேலை), எச்4 (அவர் குடும்பத்தார்), எஃப்1 (மாணவர்), சுற்றுலா விசாக்காரர்கள் ஐ-94 என்ற நுழைவுப் பதிவின் அச்சுப்பிரதியைக் கடவுச்சீட்டுடன். மாணவர்கள் கல்லூரி தந்த ஐ-20 படிவத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கீ வெஸ்ட்டை உள்ளடக்கிய கீஸ் தீவுகள் கடல் எல்லைப் பகுதி, எல்லைக் காவல் படையினர் அங்கே பணியில் இருப்பார்கள். காகிதம் கையில் இருந்தால் பேச்சு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஐ-94 எடுக்கக் காசு கொடுக்காதீர்கள். சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் அரசுத் தளத்திலேயே அது இலவசம். தேடலில் மேலே வந்து நிற்கும் சில தனியார் தளங்கள் அதற்குப் பணம் பிடுங்கும்.

விமானத்தில் கீ வெஸ்ட்டுக்குப் போகிறவர்கள் கவனிக்கவேண்டியது: 2025 மே 7 முதல் உள்நாட்டு விமானங்களுக்கு ரியல் ஐடி (மத்திய அரசின் தரத்துக்கு உட்பட்ட அடையாள அட்டை) விதி நடைமுறையில் இருக்கிறது. உங்கள் மாநில உரிமத்தில் நட்சத்திரக் குறி இல்லை என்றால் கடவுச்சீட்டைக் கொண்டுபோங்கள்.

இவற்றோடு பதிவு செய்த ரசீது, பணம் கட்டிய அதே கார்டு, பெற்றோரின் பயணக் காப்பீட்டு விவரம். பல நிறுவனங்கள் பொறுப்புத் துறப்புப் படிவம் ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பும். வீட்டிலேயே நிதானமாகப் படித்துக் கையெழுத்திட்டுவிடுங்கள். குழந்தைகளுக்காகப் பெற்றோரில் ஒருவர் கையெழுத்திடவேண்டும். நண்பரின் குழந்தையை நீங்கள் அழைத்துப்போகிறீர்கள் என்றால் அவரிடம் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

5. போய்ச் சேரும் வழியும் வண்டி நிறுத்தமும்

மயாமியிலிருந்து சுமார் 160 மைல். வரைபடம் மூன்றரை மணி நேரம் காட்டும், நீங்கள் ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளோரிடா சிட்டியைத் தாண்டியதும் போக ஒன்று வர ஒன்று என்று இரண்டே வழித்தடம் உள்ள நீண்ட பகுதிகள் வரும். ஒரு விபத்து நடந்தால் எல்லோரும் நிற்கவேண்டியதுதான். ஏழு மைல் பாலத்தின் மேல் நின்றுவிட்டால் திரும்பிப்போகவும் முடியாது. வெள்ளி மதியமும் சனி காலையும் மிக மோசம். டிசம்பர் படகுக்குக் காலை எட்டு மணிக்குள், ஜூன் படகுக்குப் பத்து மணிக்குள் மயாமியை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.

ஃப்ளோரிடா டர்ன்பைக் என்ற சுங்கச்சாலையில் சுங்கத்தை ரொக்கமாக வாங்குவதில்லை. வாடகை வண்டி என்றால் அந்த நிறுவனத்தின் சுங்கத் திட்டத்துக்கு நாள் கணக்கில் கட்டணம் போடலாம். வண்டி எடுக்கும்போதே கேட்டு, உங்களிடம் சன்பாஸ் (சுங்கம் தானாகக் கழியும் கருவி) இருந்தால் அதைப் பயன்படுத்த முடியுமா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கீ வெஸ்ட்டில் படகுகள் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதில்லை. பழைய ஊருக்குள் பைட் என்று அழைக்கப்படும் பழைய துறைமுகப் பகுதி ஒன்று, டுவால் தெருவின் வடமேற்கு முனையும் மல்லரி சதுக்கமும் இருக்கும் பகுதி இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே பத்துப் பதினைந்து நிமிட நடை. சில படகுகள் பக்கத்துத் தீவான ஸ்டாக் ஐலண்டிலிருந்து கிளம்பும். இதில் ஒரு பொறி உண்டு: ரசீதில் இருக்கும் முகவரி சில நேரம் சீட்டு அலுவலகத்தின் முகவரியாக இருக்கும், படகு வேறு இடத்தில் நிற்கும். முந்தின நாள் அழைத்து "எந்தத் துறை, எந்த எண்?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சுற்றியிருக்கும் சூழலில் ஓர் அடையாளமும் கேட்டு வையுங்கள். நடக்கச் சிரமப்படும் அப்பாவை அழைத்துக்கொண்டு அந்த வெயிலில் துறை துறையாகத் தேடுவது மிகுந்த வேதனை.

வண்டியைத் தெருவில் நிறுத்த இடம் கிடைத்தால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். தரையில் "குடியிருப்போருக்கு மட்டும்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் இடங்களில் நிறுத்தினால் அபராதம் விழும், இழுத்தும் போவார்கள். கரோலைன் தெருவும் கிரின்னல் தெருவும் சந்திக்கும் இடத்தில் நகராட்சியின் அடுக்கு நிறுத்தம் இருக்கிறது. காசு ஆகும், ஆனால் பைட் துறைக்கு நடந்து போகும் தூரம்தான்.

6. சாப்பாடு, மாத்திரை, உடை

படகில் தருவது பெரும்பாலும் நொறுக்குத்தீனிதான். அதிலும் இறால், ஹாம், பாலாடைக்கட்டி என்று இருக்கும். சைவக்காரர்கள் துறைக்குப் போகும் முன்பே வயிறார ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். வெறும் வயிற்றில் அலையும் ஆகாது, மதுவும் ஆகாது. வழிக்குப் புளியோதரையோ எலுமிச்சைச் சாதமோ கட்டிக்கொண்டு போவது உத்தமம், ஏனென்றால் பல படகுகளில் வெளி உணவு அனுமதி இல்லை. ஊரில் கியூபா உணவகங்களில் கறுப்பு பீன்ஸும் சோறும் பார்க்கச் சைவம்போலத் தெரியும், பீன்ஸைப் பன்றிக்கறியோடு வேகவைப்பதும் உண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள். அந்த ஊரின் புகழ்பெற்ற கீ லைம் பையில் முட்டை மஞ்சள்கரு இருக்கிறது.

அலை ஒத்துக்கொள்ளுமா என்ற சந்தேகம் இருந்தால், கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை போடவேண்டும். தலைசுற்றல் தொடங்கியபிறகு போட்டால் பெரிதாகப் பலன் இருக்காது. இங்கே மருந்துச்சீட்டு இல்லாமல் கிடைப்பது மெக்லிசைன், டைமென்ஹைட்ரினேட். பெற்றோர் ஊரிலிருந்து அவோமின் கொண்டுவந்திருப்பார்கள். மூன்றுமே தூக்கம் தரும், மதுவோடு சேர்ந்தால் அந்த மயக்கம் பலமடங்காகும். மாத்திரை போட்டவர் அன்று மது தொடாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் இரவுச் சாப்பாடு தள்ளிப்போகும் என்பதை மனதில் வைத்துக் கையில் ஏதாவது வைத்திருக்கவேண்டும்.

அம்மாவிடம் சேலை வேண்டாம் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். துறையிலிருந்து படகுக்கு ஓர் எட்டு எடுத்து வைக்கவேண்டும், படி ஈரமாக இருக்கும், காற்று பலமாக அடிக்கும். சுடிதார் நல்லது. முன்பக்கத்தில் இரண்டு அடிப்பாகங்களுக்கு நடுவே வலை கட்டியிருக்கும், அதில் உட்கார்ந்தால் கொலுசு சிக்கும், கைப்பேசி நழுவினால் நேராகக் கடலில்தான். பல படகுகளில் ஏறும்போதே செருப்பைக் கழற்றிக் கூடையில் போடச் சொல்வார்கள், அதனால் சுலபமாகக் கழற்றி மாட்டும் செருப்பு போதும். சூரியன் மறைந்ததும் காற்று குளிரும். பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆளுக்கொரு மெல்லிய மேலங்கி எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்று காலை தேசிய வானிலைச் சேவையின் கீ வெஸ்ட் அலுவலகம் வெளியிடும் கடல் முன்னறிவிப்பைப் பாருங்கள். காற்று 10 நாட் (கடலில் வேகத்தை அளக்கும் அலகு) அளவில் இருந்தால் அருமை. 15-ஐத் தாண்டினால் அலை நன்றாகத் தெரியும். 20 என்று போட்டிருந்தால், படகு கிளம்பினாலும் வயதானவர்களைக் கூட்டிப்போவதைப் பற்றி நிறுவனத்திடம் பேசுங்கள்.

7. படகில் ஏறியபிறகு

ஏறுவதற்கு முன் துறையிலுள்ள கழிவறைக்கு எல்லோரும் போய்வந்துவிடுங்கள். படகில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், ஆடும் படகில் அது சிரமம்.

உட்கார இடத்துக்குப் பதற வேண்டாம். படகு திரும்பிக்கொண்டே இருக்கும், எல்லாப் பக்கத்துக்கும் சூரியன் வரும். பெரியவர்களை நடுவிலிருந்து பின்பக்கமாக, நிழல் இருக்கும் இடத்தில் உட்காரவையுங்கள், அங்கேதான் ஆட்டம் குறைவு. ஒலிப்பெட்டி எங்கே இருக்கிறது என்று மட்டும் முதலில் பாருங்கள். அதன் முன்னால் அப்பாவை உட்காரவைத்தால் இரண்டு மணி நேரமும் அவரால் யாருடனும் பேசமுடியாது. குழந்தைகள் இருந்தால், அவர்கள் அளவுக்கு உயிர்காப்பு அங்கி எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

குடிக்காதவர்கள் நிறத்தைப் பார்த்துக் கோப்பையை எடுக்கக்கூடாது. தட்டில் வரும் ஆரஞ்சுச் சாறுபோல் இருப்பது மிமோசா, அதில் பாதி ஷாம்பெய்ன். பழத்துண்டு மிதக்கும் சிவப்புச் சாறு சங்ரியா, ஒயின். இளஞ்சிவப்பில் இனிப்பாக இருப்பது ரம் பஞ்ச். வாழ்நாள் முழுதும் மதுவைத் தொடாத பெற்றோர் சாறு என்று நினைத்து எடுத்துக் குடித்துவிட்டு, பிறகு தெரிந்து மனம் உடைந்துபோவதைத் தடுக்கலாம். பாரில் நேராகப் போய் "நோ ஆல்கஹால்" என்று சொல்லி, உங்கள் கண்ணெதிரே ஊற்றச் சொல்லி வாங்கிக் கொடுங்கள்.

குடிப்பவர்களுக்கு: அலையும் வெயிலும் சேரும்போது நிலத்தில் தாங்கும் அளவு கடலில் தாங்காது. ஒரு கோப்பைக்கு ஒரு கோப்பைத் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுந்து நடக்கும்போது ஒரு கை எப்போதும் எதையாவது பிடித்திருக்கட்டும். தள்ளாடுகிறீர்கள் என்று தெரிந்தால் பணியாளர் பானம் தருவதை நிறுத்துவார், வாதம் செய்யாதீர்கள்.

பாட்டுக்காரரிடம் விருப்பப் பாட்டுக் கேட்கலாம். கரையோர ஊர்களின் எளிய கித்தார்ப் பாட்டுகள்தான் பெரும்பாலும் வரும். அவருடைய ஜாடிக்கும் பணியாளர்களுக்கும் ஒரு டாலர், ஐந்து டாலர் தாள்களாக முன்பே மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள், நடுக்கடலில் சில்லறை கிடைக்காது. சூரியன் மறைந்ததும் படம் எடுத்து முடித்து உட்கார்ந்துவிடாதீர்கள். வானம் நன்றாகச் சிவப்பது அதற்கப்புறம் வரும் இருபது நிமிடங்களில்தான்.

8. இறங்கியபிறகு: வண்டி யார் ஓட்டுவது

இதைப் புறப்படுவதற்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்யவேண்டும். ஃப்ளோரிடாவில் ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதம் இருந்தாலே குற்றம். விசாவில் இருப்பவர்களுக்கு அதோடு முடிவதில்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகக் கைதானாலே போதும், குற்றம் நிரூபணமாவதற்கு முன்பே அமெரிக்க வெளியுறவுத் துறை உங்கள் விசாவை ரத்து செய்யலாம். 2015-லிருந்து இந்த நடைமுறை இருக்கிறது. ரத்தானால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது புது விசா எடுக்காமல் திரும்ப முடியாது. நேர்காணல், மருத்துவப் பரிசோதனை என்று மாதக்கணக்கில் இழுக்கும், வேலையும் குடும்பமும் இங்கே நிற்கும். "ரெண்டு பீர்தானே" என்று யாராவது சாவியை எடுத்தால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

சிறந்த வழி கீ வெஸ்ட்டிலேயே நடந்துபோகும் தூரத்தில் தங்குவது. அறை வாடகை அதிகம்தான். செலவைக் குறைக்க ஐம்பது மைல் தள்ளி மாரத்தானில் தங்குகிறவர்கள் பலர். அப்படியானால் ஒருவர் அன்று ஒரு சொட்டும் தொடக்கூடாது. அவருக்கும் முழுக் கட்டணம்தான் என்றாலும், மற்றவர்கள் நிம்மதியாக இருக்க அதுதான் விலை. ஜூனில் படகு திரும்பும்போது ஒன்பது மணியை நெருங்கிவிடும், பல உணவகங்கள் பத்து மணிக்குள் சமையலறையை மூடிவிடும். இறங்கிய பிறகு தேடாமல் முன்பே ஓர் இடத்தைப் பார்த்து வையுங்கள்.

இரவில் வடக்கே திரும்புகிறவர்கள் பிக் பைன் கீயில் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். அழிவின் விளிம்பில் இருக்கும் சின்னஞ்சிறு கீ மான்கள் அங்கே சாலைக்கு வந்து நிற்கும். பகலில் 45 மைல், இரவில் 35 மைல்தான் வரம்பு, காவலரும் நிற்பார்கள்.